கல்முனைக் கரையோரம்: வெள்ளத்தை அளக்கும் மாணவருக்குக் காசு கொடுப்பது யார்?

மருதமுனையில் எங்கள் வீட்டுக் குசினிச் சுவரில் மூன்று கோடுகள் இருக்கின்றன. 2011 ஜனவரி வெள்ளத்தில் தண்ணீர் ஏறி நின்ற உயரத்தில் வாப்பா அடுப்புக்கரியால் முதலாவது கோட்டைக் கீறினார். அடுத்த மாதமே மறுபடியும் வெள்ளம் வந்தது. அதற்குச் சற்றுக் கீழே இரண்டாவது கோடு. மூன்றாவதை 2024 நவம்பரில் நான் கீறினேன். சுவருக்கு வெள்ளை அடிக்கும்போதெல்லாம் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்வார் உம்மா.

பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்த காலத்தில் இப்படியான கோடுகளை ஒரு வரைபடத்தில் ஏற்ற முயன்றேன். இன்று பாடசாலையில் அதே பாடத்தைக் கற்பிக்கிறேன். என்னிடம் படித்துப் பல்கலைக்கழகம் போன பிள்ளைகள் சிலர், வெள்ளத்தைப் பற்றி ஆய்வு செய்யப் போவதாக வந்து சொல்வார்கள். அடுத்த வாயில் ஒரு கேள்வி கேட்பார்கள்: "டீச்சர், இதுக்கு யாராவது காசு தருவாங்களா?" அவர்களுக்கும், அவர்களுக்குக் கொடுக்கக்கூடிய நிலையில் இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

தண்ணீர் வரும் வழி

பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று தெற்கு நோக்கிப் போகும் ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. கிழக்கே கடல். மேற்கே வட்டை என்று நாங்கள் சொல்லும் நெல்வயல்கள். இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலம். அதன் மேல்தான் இத்தனை சனமும் குடியிருக்கிறது.

வருடத்து மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையில் விழுந்துவிடுகிறது. ஊருக்குள் மழை கொட்டும் அதே நாட்களில் மேற்கேயிருந்தும் தண்ணீர் வருகிறது. 1949இல் தொடங்கிய கல் ஓயாத் திட்டத்தின் கீழ் பட்டிப்பளை ஆறு இங்கினியாகலையில் மறிக்கப்பட்டு, சேனநாயக்க சமுத்திரம் உருவானது. அதுவும் மற்றைய குளங்களும் நிரம்பி வான் பாயத் தொடங்கினால் வட்டைகள் நிரம்பும். மாவடிப்பள்ளியிலும் கிட்டங்கியிலும் தண்ணீர் வீதிக்கு மேலாகப் பாயும். அதில் ஒரு பகுதி வடக்கே மட்டக்களப்பு வாவியின் தென் அந்தத்தை நோக்கிப் போகிறது. ஊருக்குள் தேங்குவது தோணா வழியாகக் கடலுக்கு இறங்க வேண்டும். தோணாவின் வாயைக் கடல் மணல் மூடிவிடும். முகத்துவாரத்தை எப்போது வெட்டிவிடுவது, யார் வெட்டுவது என்பது மாரிக்கு மாரி வரும் வாக்குவாதம்.

இயற்கை இப்படி இருக்க, அதன் மேல் நாங்கள் செய்தவையும் உண்டு. 2004 டிசெம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; நாட்டிலேயே மிக அதிகமான உயிரிழப்பு இங்குதான். அதன்பின் வடக்குக் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டத் தடை வந்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டாலும், கடலோரத்தில் இருந்தவர்கள் போவதற்கு மேற்கைத் தவிர வேறு திசை இருக்கவில்லை. கல்முனை கிறீன் பீல்ட், சாய்ந்தமருது பொலிவேரியன் போன்ற வீட்டுத் திட்டங்கள் வயல் பக்கமாக எழுந்தன. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து வந்தவர்களும் இதே ஒடுங்கிய நிலத்துக்குள்தான் அடைக்கலம் தேடியிருந்தார்கள். வயல் நிரப்புவதற்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதி தேவை. ஆனால் காணியில்லாத குடும்பத்துக்கு வயல்தான் மிச்சமிருந்த காணி.

வசதியுள்ளவர் கிறவல் கொட்டி வளவை உயர்த்துகிறார். அவர் வளவில் நின்ற தண்ணீர் பக்கத்து வளவுக்குப் போகிறது. பழைய வீதியின் மேலேயே கொங்கிறீட் போடுகிறார்கள். வீதி உயர, வீடு பள்ளமாகிறது. நிலத்தடி நீர் மேலெழுந்து மலசலகூடக் குழிகள் நிரம்பினால் கிணற்றுத் தண்ணீரும் கெடும். வெள்ளம் வடிந்த பிறகு டெங்கும் எலிக்காய்ச்சலும் வரும்.

2024 நவம்பர் 26ஆம் திகதி, மாவடிப்பள்ளியில் வீதியை மூடிப் பாய்ந்த வெள்ளம் மதரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரத்தை அடித்துச் சென்றது. நிந்தவூரிலிருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள். பிள்ளைகளும் பெரியவர்களும் அந்தத் தண்ணீரில் மாண்டார்கள். அந்த வீதியில் வெள்ளம் பாயும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எத்தனை அடி ஏறினால் உழவு இயந்திரமும் போகக்கூடாது, அந்த உயரத்தை மேற்கே எந்த இடத்தில் பார்த்தால் எத்தனை மணித்தியாலம் முன்கூட்டியே சொல்லலாம்? யாராவது சில மாரிகள் தொடர்ந்து அந்த இடத்தில் அளந்து எழுதினால்தான் இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும்.

செய்மதி இருக்க மாணவர் எதற்கு?

இந்தக் கேள்வியை என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். செய்மதிப் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன என்பது உண்மை. 2014 முதல் இயங்கும் ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் செய்மதி, மேகத்துக்கு ஊடாகவும் இரவிலும் வெள்ளத்தைக் காட்டும். திறந்த வயலில் தண்ணீர் எவ்வளவு தூரம் பரவியது என்பதை அதில் நன்றாகப் பார்க்கலாம். வீடுகள் நெருக்கமாக உள்ள ஊருக்குள் அது தடுமாறும். அத்துடன் அது கடந்து போகும் நாளில் வெள்ளம் இருந்தாக வேண்டும்.

நில உயரத்தில் சிக்கல் இன்னும் பெரிது. உலகம் முழுவதற்கும் இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் அதிகம் பயன்படுவது, 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் விண்ணோடம் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. 30 மீற்றருக்கு ஒரு புள்ளி. அதன் உயரக் கணக்கில் சில மீற்றர்கள் பிழை இருக்கக்கூடும். கூரையையும் தென்னையையும் அது நிலமாகவே எண்ணிக்கொள்ளும். மலைநாட்டுக்கு இது போதும். எங்கள் ஊர்களோ கடல் மட்டத்திலிருந்து ஒருசில மீற்றர்தான் உயரம். இங்கே அரை அடி வித்தியாசத்தில் ஒரு வீடு தப்பும், அடுத்த வீடு மூழ்கும். அந்த அரை அடியை நிலத்தில் நின்று மட்டக்கருவியால் அளப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதற்கு நேரமும் நடையும் ஊர்ப் பழக்கமும் வேண்டும். மாணவர்களிடம் இந்த மூன்றும் இருக்கின்றன.

ஒரு நகரம் அளக்கப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கொழும்பைப் பார்க்கலாம். 2010 நவம்பரில் கொழும்பில் பெருவெள்ளம் வந்தது. பாராளுமன்ற வளாகமும் தப்பவில்லை. 2012இல் உலக வங்கி 213 மில்லியன் டொலர் கடனுடன் கொழும்பு பெருநகரத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. கால்வாய்கள் அளக்கப்பட்டன. எந்தச் சதுப்பு நிலம் எவ்வளவு வெள்ளத்தைத் தாங்குகிறது என்று கணக்கிடப்பட்டது. 2018இல் கொழும்பு, ராம்சார் சாசனத்தின் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. சென்னையில் 2015 டிசெம்பர் வெள்ளத்தின்போது, தண்ணீர் நின்ற தெருக்களைப் பொதுமக்களே இணைய வரைபடத்தில் குறித்தார்கள். கணக்கோடு போகும் ஊருக்குத்தான் திட்டம் கிடைக்கிறது. எங்கள் ஊர் ஒவ்வொரு தடவையும் நிவாரணப் பட்டியலோடு போகிறது.

ஒரு மதகின் கதை

என் இறுதியாண்டு ஆய்வு சிறியது. ஒரு முஸ்லிம் ஊருக்கும் ஒரு தமிழ் ஊருக்கும் பொதுவான ஒரு வடிகான். வெள்ளம் வந்தால் இந்தப் பக்கத்தவர், "அவங்க மதகை அடைச்சிட்டாங்க" என்பார்கள். அந்தப் பக்கத்திலும் அதே பேச்சுத்தான். 1990களைக் கண்ட ஊர்களில் இப்படியான பேச்சு வெறும் வடிகானோடு நின்றுவிடுவதில்லை.

நான் வீடு வீடாகப் போய், தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேட்டேன். "நிவாரணத்துக்கா பதியிறீங்க?" என்பதுதான் முதலில் வரும் கேள்வி. இல்லை என்று சொன்னதும் சிலர் கதவைச் சாத்தினார்கள். பெண்கள் சரியாகச் சொன்னார்கள். மருதமுனையில் தறியின் மிதிகட்டையைக் காட்டி, இதுவரை என்றார் ஒரு ராத்தா. அந்தப் பக்கத்து ஊரில் ஓர் அம்மா சாமி அறை வாசற்படியைக் காட்டினார். தேத்தண்ணி தந்துவிட்டு, "உங்கட வீட்டுக்குள்ளயும் வந்ததா பிள்ளை?" என்று கேட்டார். அதுவரை அவர் தண்ணீர் தங்கள் பக்கம் மட்டும்தான் வந்ததாக நினைத்திருக்கிறார். எங்கள் ஊரிலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மட்டக்கருவியை மூன்று நாட்களுக்கு வாடகைக்கு எடுத்தேன். தம்பி கோலைப் பிடித்தான். அளந்து பார்த்தபோது, வீதிக்குக் கீழே போகும் மதகின் அடித்தளம் அதற்கு மேலே உள்ள வடிகானின் அடித்தளத்தைவிட உயரமாக இருந்தது. யாரும் அடைக்கவில்லை. அது கட்டும்போதே பிழையாகக் கட்டப்பட்டிருந்தது. மதகுக்கு அருகே இருந்த இரண்டு ஊர் வீடுகளும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் நனைந்திருந்தன.

கருவி வாடகை, பஸ், முச்சக்கரவண்டி, நிழற்பிரதி, மழைவீழ்ச்சித் தரவு, கட்டுநூல் எல்லாம் கைக்காசு. உம்மா ஒரு காப்பை அடகு வைத்தார். தரவுக்காக ஓர் அலுவலகத்துக்கு நான்கு தடவை ஏறி இறங்கினேன். ஆய்வேடு நூலக அலுமாரிக்குப் போனது. ஒரு பிரதியை இன்னோர் அலுவலகத்தில் கொடுத்தேன், பதில் இல்லை. இரண்டு வருடங்கள் கழித்து, கிராம அபிவிருத்திச் சங்கத்துப் பெரியவர் ஒருவர் அந்த ஒற்றை வரைபடத்தை மட்டும் கேட்டு வாங்கிப் போனார். அந்த வருடம் மாரிக்கு முன் இரண்டு ஊர் ஆட்களும் சேர்ந்து மதகைச் சுற்றிச் சிரமதானம் செய்தார்கள். மதகு இன்னும் அதே உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் யார் அடைத்தார்கள் என்ற பேச்சு குறைந்துவிட்டது.

ஒரு காப்பின் அடகுப் பணத்தில் முடிந்த வேலை இது. வீதிக்குக் கொங்கிறீட் போடும் செலவோடு ஒப்பிட்டால் சில்லறை. அந்தச் சில்லறையை மாணவரின் வீட்டிலிருந்து எடுப்பதால்தான், வசதியில்லாத பிள்ளைகள் மட்டக்கருவி தேவைப்படாத தலைப்பாகப் பார்த்துத் தெரிவுசெய்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் வீடுகள்தான் முதலில் மூழ்குபவை.

நிதி எங்கே இருக்கிறது

இலங்கை ஆய்வுக்கும் அபிவிருத்திக்கும் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 வீதத்தைச் சற்றே தாண்டும். மகாபொல புலமைப்பரிசிலை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்துவதாக 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். அது சாப்பாட்டுக்கும் அறை வாடகைக்குமே பற்றாது. இளமாணி மாணவரின் கையில் நேரடியாக வரும் ஆய்வு நிதி மிக அரிது. ஆனாலும் வழிகள் சில உண்டு.

முதலாவது, விரிவுரையாளரின் மானியத்துக்குள் சேர்வது. தேசிய விஞ்ஞான மன்றமும் தேசிய ஆராய்ச்சிப் பேரவையும் போட்டி அடிப்படையில் ஆய்வு மானியங்கள் வழங்கி வந்துள்ளன. விண்ணப்பிப்பவர் பெரும்பாலும் பல்கலைக்கழக ஆசிரியர். களவேலைக்கும் ஆய்வு உதவியாளருக்குமான பணம் அதற்குள் இருக்கும். உலக வங்கியின் நிதியில் 2017 முதல் 2023 வரை நடந்த அஹெட் உயர்கல்வித் திட்டமும் பல்கலைக்கழகங்களுக்கு ஆய்வு மானியம் கொடுத்தது. அதுபோன்ற திட்டம் அடுத்து எப்போது வந்தாலும், அதற்குள் வெள்ளம் ஒரு தலைப்பாக இருக்க வேண்டும் என்று மாணவரே தம் ஆசிரியரிடம் முன்கூட்டிக் கேட்க வேண்டும். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கலை கலாசார பீடமும் பொறியியல் பீடமும், சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடமும் இருக்கின்றன. புவியியல் மாணவரும் பொறியியல் மாணவரும் சேர்ந்து எழுதும் விண்ணப்பம் வலுவானது.

இரண்டாவது, பட்டத்துக்குப் பின்னர். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் எராஸ்மஸ் முண்டுஸ் வெள்ள அபாய முகாமைத்துவ முதுமாணிக்குப் புலமைப்பரிசில் உண்டு. ஜப்பானின் ட்சுகுபாவில் யுனெஸ்கோவின் ஆதரவில் இயங்கும் நீர் அனர்த்த ஆய்வு நிலையம், நீர்ப்பாசனம், அனர்த்த முகாமைத்துவம் போன்ற துறைகளில் வேலை செய்யும் அலுவலர்களுக்கு முதுமாணிப் படிப்பு நடத்துகிறது. இரண்டுக்கும் ஆங்கிலம் கட்டாயம். தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளை முதலாம் ஆண்டிலேயே அதற்கு ஆயத்தமாக வேண்டும்.

மூன்றாவது, வெளிநாட்டுச் சிறு மானியங்கள். ஜப்பானின் கோபேயில் உள்ள ஆசிய பசிபிக் உலகளாவிய மாற்ற ஆய்வு வலையமைப்பில் இலங்கையும் உறுப்பு நாடு. ஸ்வீடனின் சர்வதேச விஞ்ஞான மன்றம், வளரும் நாடுகளின் இளம் ஆய்வாளர்களுக்கு 12,000 டொலர் வரை வழங்கி வந்தது. நீர் வளமும் அதன் துறைகளில் ஒன்று. விண்ணப்ப அழைப்பு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே எழுதத் தொடங்குங்கள்.

விண்ணப்பம் எழுதும்போது

ஒரே ஒரு கேள்வியை எடுங்கள். "கல்முனையில் வெள்ளம்" என்பது தலைப்பு, கேள்வி ஆகாது. "இந்தத் தோணாவின் முகத்துவாரத்தை வெட்டிய பின் இந்த மூன்று வீதிகளில் தண்ணீர் எத்தனை மணித்தியாலத்தில் இறங்குகிறது?" என்பது கேள்வி. அதன் விடையை யார் பயன்படுத்துவார் என்றும் எழுதுங்கள். பிரதேச செயலகத்திலிருந்தோ மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவிலிருந்தோ "இந்தத் தகவல் எமக்கு உதவும்" என்று ஒரு கடிதம் வாங்கி இணைத்தால் மதிப்பு ஏறும்.

காலத்தைக் கவனியுங்கள். பணம் பெப்ரவரியில் வந்தால் மாரி போய்விட்டது. செப்டெம்பருக்குள் கருவியும் அனுமதியும் கையில் இருக்கும்படி திட்டமிட வேண்டும். ஒரு மாரியை மட்டும் அளந்தால் அது சம்பவம். மூன்று மாரி அளந்தால்தான் போக்குத் தெரியும். ஆகவே உங்களுக்கு அடுத்து வரும் மாணவர் தொடரக்கூடிய விதத்தில் இடங்களைக் குறித்து வையுங்கள்.

அரச அலுவலகம் தரவு தர மறுத்தாலோ இழுத்தடித்தாலோ, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். நான் படித்த காலத்தில் இது இருக்கவில்லை.

பெண் பிள்ளைகள் களத்துக்குத் துணையோடு போவதற்கான செலவை வெட்கப்படாமல் வரவு செலவில் போடுங்கள். பாயும் தண்ணீருக்குள் இறங்கி அளக்கவே வேண்டாம். சுவரில் உள்ள சேற்று அடையாளம் வெள்ளம் வடிந்த பின்னும் காத்திருக்கும்.

ஊர் நிதி

என் அபிப்பிராயத்தில், வேகமாகத் திறக்கக்கூடிய கதவு எங்கள் கையிலேயே இருக்கிறது. பள்ளிவாசல் நிர்வாகங்கள், கோயில் பரிபாலன சபைகள், பழைய மாணவர் சங்கங்கள், வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் எல்லோரும் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் சமைத்த சாப்பாடும் பாயும் கொடுக்கிறார்கள். அது தொடர வேண்டும். அதிலிருந்து ஒரு சிறு பங்கை ஒதுக்கி, வருடம் இரண்டு மூன்று மாணவருக்கு ஆய்வுச் செலவைக் கொடுத்தால் போதும். மட்டக்கருவி ஒன்றை ஊருக்குப் பொதுவாக வாங்கி வைத்தால் வாடகையும் மிச்சம்.

அப்படிக் கொடுப்பவர்களுக்கு மூன்று நிபந்தனைகளை நான் சொல்வேன். ஆய்வு ஒரு ஊரோடு நிற்கக்கூடாது. தண்ணீர் வரும் ஊரும் போகும் ஊரும் அதற்குள் இருக்க வேண்டும், கோல் பிடிப்பவர்களில் ஒருவராவது மற்றைய சமூகத்துப் பிள்ளையாக இருக்க வேண்டும். முடிவு நான்கு பக்கத் தமிழில், ஒரு வரைபடத்தோடு, இரண்டு ஊர் மக்களுக்கும் மாநகர சபைக்கும் வாசித்துக் காட்டப்பட வேண்டும். அளந்த கணக்கு அடுத்த மாணவருக்குத் திறந்திருக்க வேண்டும்.

கல்முனையில் எல்லை பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை. எந்தச் செயலகம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில் எங்களுக்குள் பிணக்கு உண்டு. அதை இந்தக் கட்டுரை தீர்க்காது. ஆனால் அந்தப் பிணக்கு தீரும்வரை வடிகான் காத்திருக்காது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் நாடு முழுவதையும் புரட்டிப்போட்டது. அடுத்தது எப்போது என்று யாரும் சொல்ல முடியாது.

இதை வாசிப்பவர்களிடம் ஒரு சிறிய உதவி கேட்கிறேன். உங்கள் வீட்டில் தண்ணீர் ஏறிய உயரம் உங்களுக்கு நினைவிருந்தால், இன்றைக்கே சுவரில் அழியாத மையால் ஒரு கோடு கீறி, பக்கத்தில் மாதத்தையும் வருடத்தையும் எழுதி வையுங்கள். ஒருநாள் ஒரு மாணவி கையில் கோலோடு வந்து கதவைத் தட்டுவாள். நிவாரணத்துக்கா என்று கேட்காமல், அந்தக் கோட்டை அவளுக்குக் காட்டுங்கள்.